உங்களுக்காக நான் சொன்ன பதில்

அக்கா,

இன்று இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்பு தொடங்கியது. தலைச்சோலைத் தோட்டத்து லைன் வீடுகளின் பட்டியலைப் போனில் திறந்ததும் உங்கள் பெயர்தான் முதலில் வந்தது. பக்கத்தில் ‘நலம்’ என்று இருந்தது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

போன வருஷம் காப்பிப் பழம் பறிக்கும் மும்முரத்தில்தான், வீடு வீடாகப் போய் உடம்புக்கும் மனதுக்கும் என்ன குறை என்று கேட்டுப் பதியும் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. குறை அதிகமுள்ள ஊருக்கு வாராவாரம் டாக்டர் வண்டி வரும் என்றார்கள். “ஏனுங்க டாக்டரம்மா” என்று கேலி செய்தீர்கள். வேலையை மேற்பார்க்கும் ரைட்டர் நிற்கையில் செடிக்கு நடுவில் வந்து கேள்வியை ஆரம்பித்தபோது, “ரைட்டர் பாக்கறாரு கண்ணு. என்னையப் பத்தி உனக்குத் தெரியாததா? நீயே போட்டுக்க” என்றீர்கள். பதினைந்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்த திமிரில் நானே போட்டேன். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? இல்லை.

நான் பார்க்காமல் இல்லை. கொஞ்ச நாளாகவே மேட்டு வளைவில் நின்று கூடையை இறக்கி, முந்தானையைச் சரிசெய்வதுபோல் நேரம் கடத்தினீர்கள். மலையிலேயே கிடக்கிற நமக்கு மூச்சு வாங்குவதெல்லாம் ஒரு குறையா என்று விட்டுவிட்டேன். மற்றவர்களும் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் ‘இல்லை’ என்றே போட்டேன். நம் ஊர் நலமான ஊராகிவிட்டது. வண்டி வேறு ஊருக்குப் போனது.

மாசியில் அந்த வளைவில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவேயில்லை. இதயம் வெகுநாளாகவே கெட்டிருக்கிறது, முன்பே பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் போட்ட அந்த ‘இல்லை’ என்ற ஒரு சொல்லுக்காக என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை, அக்கா. திருத்தித் தரச் சொல்லி ஆபீஸில் கேட்டேன். “முடிச்ச பதிவைத் திறக்க முடியாதுங்க. அடுத்த சுத்துல சரியாப் போடுங்க” என்றார்கள்.

இன்று உங்கள் மகளிடம் ஒரு கேள்வி விடாமல் கேட்டேன். மூச்சைப் பற்றிக் கேட்டதும் சிரித்தாள்.

“மேடு ஏறுனா ஆருக்குத்தான் வாங்காதுங்க சின்னம்மா? இல்லைன்னே போடுங்க.”

“உங்கம்மாளும் இப்படித்தான் சாமி இருந்தாங்க.”

“அவங்களுக்கு வயசாயிருச்சுங்க. எனக்கென்ன?”

சொன்னதைத்தான் பதிய வேண்டும் என்பது விதி. பதிந்தேன்.

இப்போதெல்லாம் யார் பின்னால் மேடு ஏறினாலும், எங்கே நிற்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டு போகிறேன். சாயங்காலம் உங்கள் மகளோடு வந்தேன். இரண்டு இடத்தில் நின்றாள்.