நாரைத்துறைக் கொற்றிக்கு மீண்டும் செல்லும் குடியோலை

கொற்றி வாழ்க! நாரைத்துறையில் அவள் திருத்திய கழனி வாழ்க!

அவள் குடியாய் அமர்ந்த தண்பொழில் நாடு ஓங்குக! அந்நாட்டைக் கோல் கோடாது ஆள்பவரும், மாடமதில் நகருக்கு உரியவரும், மலைப்பகைவர் மூவரைத் தம் வாயிலில் காத்திருக்க வைத்தவரும், வறண்ட ஆண்டில் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டுத் தாமும் கூழ் குடித்தவருமாகிய பெருங்கோதை மாதேவியார் திருவாய்மொழிந்தபடி, ஓலைநாயகம் நல்லாதன் எழுதியது. உப்பங்கழி நாட்டின் எல்லைக்காவல் பூண்ட அந்துவ வேள் இதனைக் கண்டு கொள்க. உம் கழிகளில் மீன் மலிக. உம் தோணிகள் நிறைந்து கரை சேர்க. உம் மனையும் மக்களும் நலம் சிறக்க.

அரச ஓலையின் தலையில் அரசியின் பட்டங்கள் நிற்க வேண்டிய இடத்தில், சேற்றில் கால் புதைய நடக்கும் ஒரு குடிமகளின் பெயர் நிற்பது கண்டு நீர் திடுக்கிட்டிருப்பீர். எழுதியவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று அருகில் இருப்பவரைக் கேட்டுமிருப்பீர். கலங்கவில்லை. காரணம் உண்டு, அதைச் சொல்லவே இவ்வோலை. பொறுமையாகப் படியும். இதில் வரும் செய்திகளில் பாதி உமக்குத் தெரியும்; மீதிப் பாதி தெரிந்திருக்க வேண்டியது.

கொற்றி நம் நாட்டில் பிறந்தவள் அல்லள். கடல் ஏறி விழுங்கிய மணல்தீவு ஒன்றிலிருந்து, உடுத்த துணியும் ஒரு மண்வெட்டியுமாக உம் துறையில் வந்து இறங்கியவள். அன்று உம் ஊரார் அவளுக்குக் காட்டிய இடம், ஆடும் மேயாத உவர்நிலம்; உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த கழியோரம். அங்கே இருந்துகொள் என்றார்கள்; மழைக்கு முன் ஓடிவிடுவாள் என்று தமக்குள் சிரித்தும் கொண்டார்கள். அவள் ஓடவில்லை. கடல்நீர் ஏறும் வாயை மண் சுமந்து அடைத்தாள். மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடித்துவிட்டு, மறுபடி தேக்கினாள். முதலில் விதைத்தது முளைக்கவே இல்லை. அடுத்து விதைத்தது கணுக்கால் உயரம் வளர்ந்து கருகியது. அப்புறம் ஒரு பருவத்தில் நெல் தலை சாய்த்தது. சிரித்தவர்கள் வரப்பில் வந்து நின்று வாயடைத்துப் பார்த்தார்கள். வாளால் நாடு பெருக்கியவர் பலரை இந்த அவை பார்த்திருக்கிறது. மண்வெட்டியால் நாடு பெருக்கியவள் இவள் ஒருத்தியே. இதை எழுதும்போது எமக்கு நெஞ்சு நிமிர்கிறது, வேளே. உமக்கும் நிமிர்ந்திருக்க வேண்டும்.

அது கேட்டே மாதேவியார் அவளுக்குக் குடியோலை அருளினார். குடியோலை பெற்றவருக்கே மதகுத் தண்ணீரில் முறை உண்டு என்பதும், அது இல்லாதவர் திருத்திய நிலம் அவர் நீங்கியபின் ஊர்ப்பொதுவாகும் என்பதும் நீர் அறிந்தவை. ஆக அந்த ஓலை அவளுக்கு வெறும் மரியாதை அன்று. வானத்தை அண்ணாந்து பார்த்தே பயிர் செய்தவளுக்கு அது தண்ணீர். நாளைக்கும் இங்கேயே கண்விழிப்போம் என்ற உறுதி.

இங்கேதான் நம் பெருமையே நமக்கு வினையாயிற்று. அரச ஓலையைக் கண்டால் அரசியையே கண்டதாக எண்ணி வணங்குவது நம் ஓலைச்சாவடிகளின் வழக்கம். ஓலையை உள்ளிட்டு அஞ்சல் ஓட்டர் கொண்டுவரும் மூங்கிற்குழலை மணையில் ஏற்றி, நெய் பூசி, சந்தனம் அப்பி, மாலை சூட்டி, விளக்குக் காட்டிய பிறகே அடுத்த ஓட்டரின் தோளில் ஏற்றுவார்கள். பக்கத்து ஊருக்குப் போகும் ஓலை ஒரு பூச்சோடு தப்பும். உம் நாடோ எல்லைக்கோடி. ஒரு சாவடி பூசியதற்கு மேல் அடுத்த சாவடி பூசியது. முன்னவரைவிடக் குறைத்துப் பூசினால் அரசிக்குக் குறைவு செய்ததாகுமே என்று அதற்கடுத்த சாவடி கையை இன்னும் தாராளமாக விட்டது. குழல் வாயைக் கட்டிய துணி நெய்யில் ஊறிப்போக, கழிமுகச் சாவடிக்கு வந்து சேர்ந்தபோது அரச ஓலை பணியாரச் சட்டி போல மணத்தது. அங்கே மழை பிடித்துக்கொண்டது. ஆறு வடியும்வரை குழலை நெற்குதிருக்குப் பக்கத்தில் பயபக்தியோடு தொங்கவிட்டார்கள். குதிரில் எலிகள் இருந்தன. அவற்றுக்கு அரசி தெரியாது, ஆணை தெரியாது, நெய் தெரியும்.

குழலின் வாய் கிழிந்திருப்பதைச் சாவடியார் பார்க்காமல் இல்லை. ஆனால் முத்திரையிட்ட குழலைத் திறக்க அவர்களுக்கு உரிமை இல்லை; தலைநகருக்குச் செய்தி சொல்லவோ நாக்கு எழவில்லை. ஆகவே கிழிசலின் மேல் இன்னொரு மாலையைப் போட்டு மறைத்து, முரசு கொட்டி அனுப்பிவைத்தார்கள்.

குடியோலை மை பூசாமலே தலைநகரிலிருந்து புறப்படும் என்பதும், பெறுபவர் தம் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து ஊரார் முன்னிலையில் தாமே பூச, எழுத்துத் தெரியும் என்பதும் உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பெரியும் வீடு ஒன்று இந்நாட்டில் கூடியது என்பதற்கு அதுவே அடையாளம். கொற்றி விடியலிலேயே கரி குழைத்து வைத்திருந்தாள். துவைத்த சேலை உடுத்தியிருந்தாள். முரசு கேட்டு ஊரே அவள் வாசலில் கூடியது. குழலைத் திறந்து கவிழ்த்தாள். ஏடுகளோடு தூளும் துணுக்குமாக எதுவெல்லாமோ மடியில் கொட்டியது.

அவள் அழவில்லை, உள்ளது எது என்று பார்ப்போம் என்று மையைப் பூசினாள். முன்னேடுகள் பழுதில்லாமல் இருந்தன. அவற்றில் மாதேவியாரின் பட்டங்கள் வரிசை குலையாமல் கறுத்துத் தெரிந்தன. மலைப்பகைவர் மூவரும் முழுதாக இருந்தார்கள். கடைசி ஏட்டில்தான் அவள் பெயரும் அவள் நிலத்தின் எல்லையும் தண்ணீர் முறையும் எழுதியிருந்தோம். அந்த ஏட்டில் ஓரத்து நரம்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. கொற்றியைக் காணவில்லை.

அப்போது நீர் முன்வந்து, சிதைந்த ஓலை செல்லாது என்பது சட்டம் என்றீர். சட்டம் உண்மை, பொய்யோலைகள் மலிந்த காலத்தில் இட்டது. செல்லாத ஓலையுடையவள் குடியல்லள், ஆதலால் மதகு திறக்கும் நாளுக்குள் எல்லைக்கு அப்பால் சென்று, அங்கே காத்திருந்து, புதிதாய் வேண்டிப் பெறுக என்றும் தீர்ப்புச் சொன்னீர். தலைநகருக்கு ஒருவரி எழுதிக் கேட்கலாகாதா என்று அவள் கேட்டதற்கு, மாதேவியாரின் ஓலையை எலி தின்றது என்று எழுதும் துணிவு உமக்கு இல்லை என்று விடையிறுத்தீராம். எதிரியின் யானைக்கு எதிரே நின்ற வேள் நீர். ஓர் எலிக்குப் பயந்தீர்!

கொற்றி துணுக்குகளை ஒரு நார்ப்பெட்டியில் அள்ளிக்கொண்டு, கையில் பூசிய மை காயுமுன் புறப்பட்டாள். வழியெல்லாம் அவள் நெஞ்சில் நாற்றங்காலே நின்றது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நான் திரும்புவதற்குள் வரப்பை எவனாவது வெட்டிவிட்டுக் கடல்நீர் ஏறிவிட்டால், இத்தனை பருவத்து உழைப்பும் ஒரு பொழுதில் உப்பாகிவிடுமே என்று நினைத்து நினைத்து நடையை எட்டிப்போட்டாள். அரண்மனை வாயிலில் காவலர் அவள் கதையைக் கேட்டுப் பதறி, ஆற்று வெள்ளத்தில் நனைந்து கெட்டது என்று சொல், அதுதான் அவைக்கு அழகு என்று புத்தி சொன்னார்கள். ஆறு எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அதன் மேல் ஏன் பழி போடுவேன் என்றாள் அவள்.

அவைக்கு வந்தவளிடம் யாம் வழக்கப்படி ஒரு விண்ணப்ப ஏட்டை நீட்டினோம். அடியாள் பிழை பொறுத்து, கருணை கூர்ந்து, மீண்டும் ஓர் ஓலை அருள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கீழே கைநாட்டு வைத்தால் போதும். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வைக்க மாட்டேன் என்றாள். நான் தொலைக்கவில்லை, கிழிக்கவில்லை, ஒரு பிழையும் செய்யவில்லை. கொடுத்தவர்கள் நீங்கள், வழியில் கெடுத்தவர்கள் உங்கள் ஆட்கள். கொடுத்ததைக் கொண்டுவந்து சேருங்கள் என்று கேட்க வந்தேனே தவிர, கொடுக்காததைக் கெஞ்சிப் பெற வரவில்லை என்றாள்.

மாதேவியார் மிஞ்சிய ஏடுகளை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தார்கள். படித்துக்கொண்டே இருந்தார்கள். பட்டங்கள் தீர்ந்ததும் கடைசியாகப் படித்தவன் ஏட்டைக் கீழே வைத்தான். இந்தப் பெண்ணின் பெயர் எங்கே என்று கேட்டார் மாதேவியார். எலி தின்றது என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். என் பட்டங்களை எலிகூடத் தொடவில்லை பார்த்தீரா, அவற்றில் அவ்வளவுதான் சுவை என்று சிரித்தார் மாதேவியார். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஓலை பெறுபவளைக் கடைசி ஏட்டில் ஒதுக்கியது எலி அன்று, நாமே என்றார். இனி இந்நாட்டில் எழுதும் எந்தக் குடியோலையிலும், அதைப் பற்றிச் செல்லும் எந்த ஆணையிலும், குடியின் பெயரே தலையில் நிற்கும். தம் பட்டங்கள் இடம் இருந்தால் பின்னால் வரட்டும் என்று ஆணையிட்டார். இவ்வோலை ஏன் இவ்வாறு தொடங்கிற்று என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அவையில் வைத்திருந்த முதல் ஓலையின் படியில் கொற்றியின் பெயர் தெளிவாய் நின்றதால் உசாவ ஒன்றுமில்லை. மாதேவியார் எழுத்தாணியைத் தாமே வாங்கி, புதிய குடியோலையைத் தம் கையால் கீறி, ஆசனத்தை விட்டு இறங்கிவந்து அவளிடம் நீட்டினார். இந்நாட்டில் எவருக்கும் கிட்டாத பேறு அது. கொற்றி கைகூப்பினாள். ஆனால் வாங்கவில்லை.

அவையில் எழுந்த சலசலப்பை என்னவென்று எழுதுவோம்! சிதைந்தது முரசு கொட்டி என் வாசலுக்கு வந்தது, தாயே. ஊரே பார்த்தது என்றாள் அவள். முழுசானதை நான் மடியில் முடிந்துகொண்டு போனால், எங்கோ போய்க் கெஞ்சி வாங்கிவந்தாள் என்றுதான் பேசுவார்கள். என் வரப்பில் நடக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு என் பின்னாலேயே வரும். அது வந்த வழியே, வந்த வாசலுக்கே வரட்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, நாற்று முற்றுகிறது, விடை கொடுங்கள் என்று கேட்டாள்.

மாதேவியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். யாம் சினத்தை எதிர்பார்த்தோம். அவர் அவை நோக்கி, இவள் நம் குடியாகத் தகுந்தவளா என்று ஆராய்ந்தல்லவா ஓலை கொடுத்தோம், இவள் குடியிருக்க நாம் தகுந்த நாடா என்று ஆராய மறந்தோம் என்றார். பிறகு அவளை வணங்கி விடை கொடுத்தார். பொய்யில்லை, வேளே, வணங்கினார். அவள் வெறுங்கையோடு, நார்ப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனாள். அவள் தெருத் திரும்பும்வரை அவை எழுந்தே நின்றது.

ஆகவே ஆணை கேளும்.

கொற்றி நம் குடி. சிதைந்த ஓலை வந்த நாள்முதல் அல்ல, முதல் ஓலை எழுதிய நாள்முதலே குடி. அவள் நிலம் அவளுடையது. மதகு திறக்கும் நாளில் முதல் முறைத் தண்ணீர் அவள் வாய்க்காலுக்கே செல்க. வழியில் அரசின் ஆட்கள் கையில் கெட்ட ஓலைக்கு அரசே பொறுப்பு. பெறுபவர் விண்ணப்பமும் செய்ய வேண்டா, எல்லையும் தாண்ட வேண்டா. சாவடிகள் இனி ஓலைக்குப் பூச்சும் பூவும் செய்யாது ஈரம் படாமல் காத்து, விரைந்து அனுப்புக. மரியாதை செய்ய ஆசைப்படுவோர் எலிகளைப் பிடிக்க.

புதிய குடியோலை இவ்வாணையோடு உம்மிடம் வருகிறது. அதை ஓட்டர் எவரும் நாரைத்துறைக்குக் கொண்டுசெல்லலாகாது. நீரே தலைமேல் தாங்கி, குதிரையும் குடையும் விட்டு, முரசு முன்செல்ல, ஊர் பார்க்க நடந்து செல்லும். அவள் வீட்டில் இருக்க மாட்டாள்; நடவுக்காலம். வாசலில் காத்திரும். ஆள் அனுப்பி அழையாதீர். அவள் வேலை முடித்துக் கரையேறி, கைகால் கழுவி, அடுப்பு மூட்டி, கரி எடுத்துக் குழைக்கும்வரை நில்லும். உட்காரச் சொன்னால் உட்காரும், சொல்லாவிட்டால் நில்லும். மை பூசி, முதல் வரியில் தன் பெயரைக் கண்டு, சரி என்று அவள் சொன்ன பிறகே நீர் எல்லைக்காவலராகத் திரும்பலாம்.

இது பெருங்கோதை மாதேவியார் ஆணை. ஓலைநாயகம் நல்லாதன் எழுத்து. மண்வெட்டிப் பொறி புதிதாய் வெட்டுவித்து, அரசமுத்திரைக்கு வலப்பக்கத்தில் இட்டது.