மார்ச் மாதத்து மொட்டு

முராவ்,
ஜனவரி 9

அன்புள்ள போல்டிக்கு,

நான் நலம், முழங்கால் வலியும் சேர்த்து. உடைந்த உன் இடுப்பெலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். ஆனால் நடைப் பயிற்சிக்கு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாயாம். ஆஸ்பத்திரி டாக்டர் போனில் சொன்னார். இப்படியே கிடந்தால் மார்ச்சில் வீட்டுக்கு அனுப்ப மாட்டாராம், முதியோர் இல்லம்தானாம். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன். முதலில், பனியிலும் பூக்கும் உன் பனிரோஜாச் செடிகள்.

பழைய இலைகளை அடியோடு வெட்டிவிட்டேன். கரும்புள்ளி விழுந்தவற்றை எருவில் சேர்க்கவில்லை. கையுறை போட்டுக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மகராசன்! சாறு பட்டு விரலெல்லாம் எரிகிறது.

செவ்வாய்க்கிழமை கடுங்குளிர். காலையில் பார்த்தால் அத்தனை பூவும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டு வால்ட்ராட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "போச்சுடி ஹெட்டி, எல்லாம் செத்துப்போச்சு. பிடுங்கி எறிஞ்சிட்டு வேற வேலையப் பாரு" என்றாள். நானும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மண் கல்லாக உறைந்திருந்ததால் பிழைத்தன. மத்தியான வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. வால்ட்ராடைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பொறுமையா இருன்னு நான்தான் அப்பவே சொன்னேனே" என்கிறாள், கொஞ்சமும் கூசாமல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வழக்கம்போல மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பனிரோஜா மொட்டு பறித்து, உன் சாராயக் கிளாஸ்களில் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். விரிந்தால் அந்த மாதம் நல்லது, மூடியே இருந்தால் கெட்டது. கெடு நாளான ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளும் போய்விட்டது. மற்றவையெல்லாம் விரிந்துவிட்டன. மார்ச் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வருஷா வருஷம் உனக்கு வேண்டிய மாதத்தைத் திருட்டுத்தனமாக அடுப்புப் பக்கம் நகர்த்துவாய். ஏமாற்றினால் பலிக்காது என்று நான் சண்டைக்கு வருவேன். இன்று காலையில் மார்ச் கிளாஸை நானே அடுப்போரம் வைத்தேன். வால்ட்ராட் கேட்டால் பூனை நகர்த்தியது என்று சொல்லிவிடுவேன்.

என் கையால் ஆனது அவ்வளவுதான். நாளைக்கு நர்ஸ் வரும்போது எரிந்து விழாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திரு. தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை, போல்டி. ஆண்டவர் உன் கால்களுக்குத் துணை இருக்கட்டும்.

உன்,
ஹெட்டி

பி.கு: மொட்டு இன்னும் திறக்கவில்லை. விறகு போட்டுக்கொண்டே இருக்கிறேன்.