அப்பா சொன்ன ஊர்கள்

ஞாயிறு இரவு, கிரான்பர்ன்

இன்னும் கோபம் அடங்கவில்லை. மத்தியானம் ரோவிலில் ஒரு அன்ரி வீட்டில் சாப்பாடு. அங்கே வந்திருந்த அங்கிள் ஒருவர், "தம்பி என்ன செய்யிறீர்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இவன் அமெரிக்காவில படிச்சிட்டு வந்தவன்."

படித்தேனா? ஒன்பது வருடம் பேஸ்போல் விளையாடினேன். பெரிய லீக்குக்கு ஒருநாள்கூட என்னைக் கூப்பிடவில்லை. கீழ் லீக்குகளில் இரவிரவாக பஸ்ஸில் அலைந்தேன். ஒரு அணி கழற்றிவிட்டால் அடுத்த ஊர். முழங்கால் போனதும் அதில்தான். அதையெல்லாம் இந்த மனுசன் பட்டப்படிப்பு ஆக்கிவிட்டார்.

"எந்த யூனிவர்சிட்டி?"

அப்பா தடுமாறவே இல்லை. "கனக்க இடத்தில. முதல் ஃபிரெஸ்னோ, பிறகு விசிட்டா, பிறகு டொலிடோ, கடைசியா ஃபார்கோ."

நான் விளையாடிய ஊர்கள், அதே வரிசையில். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். மகன் செய்த வேலையைச் சொல்ல அவ்வளவு வெட்கமா?

ஃபார்கோவில் நான் இருந்தது இரண்டே கிழமை, பதினாலு நாள். அங்கும் கழற்றிவிட்டார்கள் என்ற வெட்கத்தில், அந்த ஊரின் பெயரை நான் வீட்டில் சொன்னதே இல்லை. அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்?