அந்த நாவலில் இல்லாத வரி

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் அப்படியே இருக்க வேண்டும். மனசுதான் திக்கென்று ஆகி இன்னும் தெளியவில்லை, அதைக் கொட்ட உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள். அண்ணன் வீடு மாறிவிட்டான், மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்று ஒரே புலம்பல், அது கிடக்கட்டும்.

அப்பாவின் அகராதி அச்சுக்குப் போக இருந்தது உனக்குத் தெரியும். அவர் தொகுக்க, நான் பிழை திருத்த, ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேஜை. அங்கே ஒரு கண்டிப்பு, ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனைக்கும் பழைய நாவலில் இருந்து ஒரு வரி காட்டியாக வேண்டும், வரி இல்லை என்றால் அந்த அர்த்தத்துக்கு இடமே கிடையாது. ‘ஒட்டு’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசை ஒட்டுவதற்கு ஒரு நாவல், குழந்தை ஆளோடு ஒட்டிக்கொள்வதற்கு ஒரு நாவல், சாப்பாடு உடம்பில் பிடிப்பதற்கு ‘மகள் கப்பலேறிய பிறகு அவளுக்குத் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை’ என்று இன்னொரு நாவலின் வரி. படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பாவம், அந்தத் தாய் அப்புறம் என்ன ஆனாள் என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது, நூலகத்தில் இருந்து அந்த நாவலை எடுத்து வந்து ஒரு பக்கம் விடாமல் படித்தேன். அதில் தாயும் இல்லை, மகளும் இல்லை, கப்பலும் இல்லையடி! ஒரு பிரம்மச்சாரியும் அவன் குதிரையும்தான் கடைசிவரை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவிடம் கேட்டால், முகம் கழுவிக்கொண்டிருந்த மனுஷன் துண்டைக்கூட எடுக்காமல், ஆமா நான்தான் எழுதினேன், இப்ப என்ன குடி முழுகிப்போச்சு என்கிறார்! வரி கிடைக்காத இடத்திலெல்லாம் கைக்கு வந்ததை எழுதி ஏதாவதொரு நாவலின் தலையில் கட்டியிருக்கிறாராம், எத்தனை என்று அவருக்கே நினைவில்லையாம். அடுத்த வீட்டுப் பேப்பரைக்கூடக் கேட்காமல் புரட்டாத மனுஷனடி! இந்த வரி எங்கிருந்து வந்தது என்றேன். நீ சொன்னதுதான், சின்னக்குட்டி வெளிநாடு போன புதுசுல அடுப்படியில நின்னு நீதானே சொன்னே, எந்த நாவல்லயும் இவ்வளவு சரியா இல்லே என்றார். எனக்கு அழுவதா, அவரைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை.

யார்கிட்டயும் மூச்சு விடாதே, பேசாம அச்சுக்குப் போகலாம்னு கையெழுத்துப் போட்டுடு என்று கெஞ்சினார். பிள்ளைகள் நம்பிப் படிக்கிற புத்தகம், என்னால் முடியவில்லை, தலைமைப் பதிப்பாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அச்சு நின்றுவிட்டது, அப்பாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். என் வரியை நானே சிவப்புப் பேனாவால் அடித்தேன், அதோடு அந்த அர்த்தமும் போயிற்று.

குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. இருவரும் நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருங்கள், அதுதான் என் ஆசி. மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு, என்னைத் திட்டினால் திட்டட்டும், எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே. சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். நான் கேட்டால் பதில் வருவதில்லை.

உன் அம்மா