காவலன் தூங்கும் அறை

ஞாயிறு, மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அண்ணியின் இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது ஆபீஸ் கொடுத்த போன். கம்ப்யூட்டரும் அவர்களுடையது. இந்தத் தாள் மட்டும்தான் என்னுடையது. விடுதியில் துணி காயப்போடும் அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வந்தால் துணி எடுக்க வந்தவள் மாதிரி எழுந்துகொள்கிறேன். இதுவரை காயாத ஒரே துண்டை நாலு தரம் மடித்தாயிற்று. என் அறைத்தோழியின் மாமா செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார். அங்கே போய்த் தபாலில் போடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இந்த ஆபீசில் இருந்தபோது நாம் சேர்ந்து செய்த கேம் வெளிவந்து ஏழு மாதமாகிறது. ராஜாவை மீட்டுக் கோட்டையைப் பிடித்து எல்லாரும் முடிவைப் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் ஆட்டக்காரர்கள் விடவில்லை. நிலவறையில் நீங்கள் கட்டி, நான் சோதித்து, யாருக்கும் சொல்லாமல் ஒளித்துவைத்த அந்தச் சின்ன அறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் காவலன், கழுத்து வளைந்த விளக்கு, சுவரில் எழுபத்தொரு கோடு. இணைய மன்றத்தில் தினமும் இதே பேச்சு. காவலன்தான் உண்மையான இளவரசன், சூனியக்காரி மயக்கிப் போட்டுவிட்டாள் என்று ஒரு கட்சி. எழுபத்தொரு கோடும் ராஜா சிறையில் இருந்த வருடங்கள் என்று இன்னொரு கட்சி. ஒரு புண்ணியவான் கோடுகளை நட்சத்திர வரைபடத்தோடு பொருத்தி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். ரகசிய முடிவு ஒன்று இருக்கிறது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே எண்ணம். அதற்காக அவனை வாளால் குத்துகிறார்கள், தீ வைக்கிறார்கள், காதருகே கொம்பு ஊதுகிறார்கள். அவன் அசையவில்லை.

அது எழுபத்தொரு மணி நேரம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அண்ணா. எப்படித் தோன்றும்? ஒரு கோட்டையை வரைவதற்காக ஒரு ஆள் எழுபத்தொரு மணி நேரம் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பான் என்று யார் நினைப்பார்கள்? பென்சில் என்று நாம் கூப்பிட்ட நம் ஓவியன் அப்படி உட்கார்ந்து வரைந்து, மேசையிலேயே தலைசாய்த்தவன் எழுந்திருக்கவில்லை. பாவம், தூங்கட்டும் என்று நாம் எல்லாரும் அவனைத் தாண்டி அடிமேல் அடி வைத்து நடந்தோம். அவன் கண்ணில் வெளிச்சம் விழுகிறதே என்று விளக்கைத் திருப்பி வைத்தவள் நான்தான். அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் இருந்தபோது நெஞ்சுவலி வந்தது என்று காகிதம் தயாரித்தார்கள். அவன் மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கீழே ரிசப்ஷனில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் மேனேஜர் நம்மைக் கூட்டி வைத்து, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றாரே, நினைவிருக்கிறதா? குடும்பத்தில் பிணம் கிடந்தால் அடுப்பாவது அணைப்பார்கள். இங்கே கம்ப்யூட்டரைக்கூட அணைக்கவில்லை.

போன வாரம் மன்றத்தில் "வழிப்போக்கன்" என்ற பெயரில் ஒருவர் எழுதினார்: அவனைக் குத்தாதீர்கள், அவன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவன் என்று யோசியுங்கள் என்று. படித்ததுமே தெரிந்துவிட்டது, அது நீங்கள்தான். மேனேஜரும் படித்துவிட்டார். 'மணி' என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறியது என்று பக்கத்து மேசைக்காரி சொன்னாள். மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். கோபப்படாத, மெதுவாகப் பேசுகிற ஆள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "டீ சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிக்கிறார்.

நான் செய்த முட்டாள்தனத்தை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. கேம் வெளிவருவதற்கு முன்பு, புதிதாக வந்த டெஸ்டர் ஒருத்தி அந்த அறையைப் பார்த்துவிட்டு, "காவலன் எழுந்திருக்கவில்லை" என்று பிழைப் பட்டியலில் ஏற்றிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை, அவள் வேலை அதுதான். அது என் மேசைக்கு வந்தது. சத்தமில்லாமல் உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டியலில் ஒரு வரி திறந்து கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, பழக்கதோஷம். "இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்தது" என்று எழுதி மூடிவிட்டேன். தேதி, நேரம், என் பெயர் எல்லாம் பக்கத்திலேயே நிற்கிறது. பட்டியலில் ஏறியதை யாராலும் அழிக்க முடியாது. அந்த மெதுவான ஆள் இப்போது மூடிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறார். மொத்தம் பதினோராயிரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஆறாயிரம் முடித்திருந்தார். என்னுடையது ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

வேலை போனால்கூடப் பரவாயில்லை. இந்தத் துறையில் இனி எங்கேயும் சேரவிடமாட்டார்கள், வழக்குப் போடுவார்கள். சேரும்போது வாங்கிய என் சான்றிதழ்கள் அவர்கள் அலமாரியில் இருக்கின்றன. அப்பாவுக்கு என்ன சொல்வேன்? செத்துப்போனவனுக்காக ஒரு பொம்மை அறை கட்டினோம் என்றா?

இன்னொன்று. அடுத்த மாதம் முதல் தேதி வரும் புதிய பதிப்பில் அந்த அறையையே எடுத்துவிடப் போகிறார்கள். இன்றைக்கு எண்ணினால் பதினெட்டு நாள். அறை இருந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருக்கிறது என்று சோதித்து எழுதித் தரும் பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். தெரிந்து கொடுத்தார்களா, தெரியாமல் கொடுத்தார்களா என்று நினைத்து நினைத்து மண்டை காய்கிறது.

மன்றத்தில் எழுதுவதை நிறுத்தச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை மனதில் எழுதி வைத்திருந்தேன். நேற்று சனிக்கிழமை அரைநாள் வேலை. கிளம்பும்போது ரிசப்ஷனில் பென்சிலின் மனைவி கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவள் தங்கை இந்த கேம் ஆடுகிறாளாம். தன் போனை மேசைக்கு அடியில் மறைத்துப் பிடித்துக் காவலனின் படத்தைக் காட்டினாள். "இது அவருதானே? அவரு இப்படித்தான் கன்னத்துக்குக் கீழ கைய மடிச்சு வெச்சுக்குவாரு" என்றாள். கேமரா நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "எல்லாரும் இவரக் குத்துறாங்களே" என்றாள். பிறகு இன்னும் மெதுவாகக் கேட்டாள், "எழுந்திருப்பாரா?"

வாளைக் கீழே வைத்து, எந்தப் பொத்தானையும் தொடாமல் எழுபத்தொரு நிமிடம் அவன் பக்கத்தில் சும்மா இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. விளக்கு தானாக அணையும், நடந்தது முழுக்கச் சுவரில் எழுத்தாக வரும், அவன் சோம்பல் முறித்து எழுந்து பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வீட்டுக்குப் போவான் என்று சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குள் போன் அடித்தது. அவள் உடனே ஆபீஸ் குரலுக்கு மாறி வணக்கம் சொன்னாள். அவள் வேலையும் இதில் இருக்கிறது, அண்ணா. அறையின் ரகசியம் வெளியே தெரிந்தால் முதலில் தூக்குவது அவளைத்தான். அது தெரிந்துதான் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நிறுத்துங்கள் என்று எழுத முடியவில்லை. எழுதுங்கள் என்று சொல்லவும் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். எழுதுவதாக இருந்தால், "மூளைய வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று உங்கள் பாணியில் ஆரம்பித்துவிடாதீர்கள். அந்தத் திட்டை இந்த ஆபீசில் வாங்காதவர்கள் இல்லை, மேனேஜரும் சேர்த்து. புதுப் பெயரில், ஆட்டம் சலித்துப்போன ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதுங்கள். ஆட்டத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன், திரும்பி வந்து பார்த்தால் என்னமோ ஆகியிருந்தது என்று. அவ்வளவு போதும். மீதியை அவர்களே செய்துகொள்வார்கள்.

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். அண்ணியிடம்கூடச் சொல்ல வேண்டாம். என்னிடமிருந்து இனிமேல் தகவல் வராவிட்டால் நீங்களாகக் கூப்பிடாதீர்கள். நீங்கள் இருவரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். அங்கே வேலை அதிகம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். யார் என்ன சொன்னாலும் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுங்கள், அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி