கோழிக்கூண்டில் ஏப்ரல்

நவ. 17, 1996, ஞாயிறு

பனி. பூசைக்குப் போகும்போது உடம்பில் ஸ்வெட்டர், திரும்பும்போது கையில். வாங்க வேண்டியவை: பிளேடு, தவிடு, சிவப்பு மை.

எங்கள் கோழி ராணி முட்டையிட்டு ஒரு மாதமாகிறது. கிறிஸ்மஸ் பிரியாணிக்கு இவள்தான் என்று என் மனைவி ஸ்டெல்லா முடிவு கட்டிவிட்டாள். நான் பேப்பர் திருத்தும்போது காலடியில் வந்து உட்காருகிற ஜீவன் இந்த வீட்டில் ராணி ஒன்றுதான். வயசு காரணமில்லை, பகல் குறைந்ததுதான் காரணம் என்று எடுத்துச் சொன்னேன். பகலின் நீளத்தைக் கோழியின் மூளை கணக்கு வைக்கிறது. குறைந்தால் முட்டைக் கடையை மூடிவிடுகிறது. இத்தனை வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன் சொன்னால் கேட்க வேண்டாமா?

"இதென்ன லண்டனா? பெங்களூர்ல எவ்ளோ குறைஞ்சுடும்?"

ஜூனுக்கும் டிசம்பருக்கும் ஒன்றரை மணி நேரம். கோழிக்கு அது போதும்.

தவணை: டிச. 22. அதற்குள் ஒரு முட்டை.

நவ. 18, திங்கள்

கூண்டில் நாற்பது வாட் பல்பு. மாலையில் தினமும் கரண்ட் கட், ஆகவே விடியலுக்கு முன். நாலு மணிக்கு அலாரம். மங்கி குல்லா. ராணிக்கு இனி பகல் நீண்ட ஏப்ரல் மாதம்.

கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டியும் மூளைக்குப் போகிறது என்று காபி நேரத்தில் விளக்கினேன். ஸ்டெல்லா என் வழுக்கையைப் பார்த்தாள். "அப்போ உங்களுக்கு எவ்ளோ போயிருக்கணும்" என்றாள்.

நவ. 29, வெள்ளி

தூறல். முட்டை இல்லை. 9-பி டெஸ்டில் கோழி பாலூட்டி என்று மூன்று பேர்.

சேவல் மேஜர் (ஸ்டெல்லா குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவன், அவளைத் தவிர எல்லோரையும் கொத்துவான்) பல்பு போடுவதற்கு முன்பே கூவுகிறான். இன்று மூன்று மணிக்கே. வெளிச்சத்தைப் பார்த்துக் கூவவில்லை. வெளிச்சம் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிகிறது. மூளைக்குள் கடிகாரம் ஓடுகிறது! நமக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஸ்டெல்லா தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

டிச. 8, ஞாயிறு

மேஜர் இப்போது இரண்டரைக்கு. பக்கத்து வீட்டு பஷீர் பாய் வந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பேரன் பிறந்து பத்து நாள். மேஜர் கூவ, குழந்தை அழ, வீடே விழித்துக்கொள்கிறதாம். மூளைக் கடிகாரத்தைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி மாஸ்டர். சேவல அறுத்துடுங்க. பிரியாணிக்கு அரிசி நானே கொண்டாறேன்."

ஸ்டெல்லா முகம் செத்துவிட்டது. மேஜர் என்றால் அவளுக்கு உயிர். பாய் போனதும், பல்பைக் கழற்றுங்கள் என்றாள். கழற்றினால் ராணி போவாள். கழற்றாவிட்டால் மேஜர் போவான். ஒரு கோழிக்காக இவ்வளவு பயமா என்று என்னையே கேட்டேன். ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது.

டிச. 9, திங்கள்

மடையன் நான். பகலை முன்பக்கம்தான் நீட்ட வேண்டுமா? பின்பக்கம் நீட்டினால் ஆகாதா? கரண்ட் இல்லாவிட்டால் என்ன, பரணில் பெட்ரோமாக்ஸ் இருக்கிறது. காலை பல்பு நிறுத்தம். மாலையில் கூண்டுப் பக்கம் ஸ்டூல் போட்டு, ஒன்பது வரை அரையாண்டுப் பேப்பர். ராணி விழித்திருந்து பார்த்தாள். மேஜர் முழங்காலைக் கொத்தினான். தெருவில் யாரோ: "மாஸ்டர வீட்டம்மா வெளிய தள்ளிட்டாங்கப்பா."

டிச. 15, ஞாயிறு

மேஜர் ஐந்தரைக்குத்தான் கூவினான். பாய் வீட்டிலிருந்து கீர் பாயசம் வந்தது. முந்திரி தாராளம்.

முட்டை இல்லை. ஆனால் முட்டை வரப்போவதற்கு அடையாளமாக ராணியின் கொண்டை கொஞ்சம் சிவந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதாம். ஸ்டெல்லா பிரியாணிச் சாமான் லிஸ்ட் போட்டாள். கறி அதில் இல்லை. கறிதான் கொல்லையில் நடந்துகொண்டிருக்கிறதே.

டிச. 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கூண்டைத் திறந்தேன். முட்டை. சின்னது, இளஞ்சூடு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கண் கலங்கிவிட்டது. ஸ்டெல்லா கேட்டதற்குப் பனி என்றேன். முட்டையை வாங்கிப் பார்த்தாள். உள்ளே போய், ஒரு கை கோதுமை கொண்டுவந்து ராணிக்குப் போட்டாள். பிறகு, ரஸ்ஸல் மார்க்கெட்டில் மட்டனுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள்.

டிச. 26, வியாழன்

மட்டன் ஏப்பம் இன்னும் அடங்கவில்லை. பாய் வீட்டுக்கு ஒரு தூக்கு பிரியாணி போயிற்று. பேரன் நன்றாகத் தூங்குகிறானாம்.

அலாரத்தை நிறுத்தி இரண்டு வாரத்துக்கு மேல். இன்றும் நாலு மணிக்கு முழிப்பு. ராணி தூக்கம். மேஜர் தூக்கம். தெருவே தூக்கம். இருட்டில் காபிக்குப் பாத்திரம் தேடினேன், கை தவறி உருண்டது. போர்வைக்குள்ளிருந்து ஸ்டெல்லா:

"மேஜர்கூட திருந்திட்டான். உங்களுக்கு பாயை அரிசியோட வரச் சொல்லவா?"