பச்சைக் கோடும் ஒரு சொட்டு எண்ணெயும்

ஜூலை 4, வெள்ளி

கச்சான் காற்று. கொடியில் போட்ட துணி பூராவும் மண். ஜும்ஆ தொழுகைக்கு முன்னாலேயே சமையல் முடிந்தது.

வெள்ளிக்கிழமை வேலை: ம.வின் ஏர்பிரஷ். (மச்சான் என்று முழுசாக எழுதினால் மனசு என்னவோ செய்கிறது. அதனால் ம. போதும்.) இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷார்ஜாவுக்குக் கிளம்பின அன்று காலையில், பெட்டி கட்டாமல், என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "வாரம் ஒருக்கா கழட்டித் தொடைச்சு ஒரு சொட்டு எண்ணெ போட்டுரு புள்ள. உப்புக் காத்து ஊரு. விட்டா ஸ்பிரிங்கு துருப்பிடிச்சிரும்." குட்டி கம்ப்ரஸர் காற்றில் பெயின்டைத் தூவுகிற, பேனா அளவு சாமான். அதற்கு இருக்கிற செல்லம் கட்டின பொண்டாட்டிக்கு இல்லை.

பின் மூடியைக் கழற்று. ஊசியைப் பின்பக்கமாக உருவு. தின்னரில் துடை. ஊசியின் நடுவில் மட்டும் எண்ணெய். நுனியில் பட்டால் பெயின்ட் ஒட்டாமல் கண்ணு கண்ணாகப் பிரியும். விசைக்கு அடியில் ஒரு சொட்டு. ஊசியை மெதுவாக உள்ளே விடு. முட்டினதும் நிறுத்து. நூறு தடவை செய்திருப்பேன்.

அலமாரி மேல் தோணி. ம.வின் வாப்பா சரக்கு ஏற்றி ஓட்டின தோணி, அதை முழங்கை நீளத்துக்கு மரத்தில் ம. செய்தது. வெள்ளை அடித்தாயிற்று. பக்கவாட்டில் ஒரு பச்சைக் கோடுதான் பாக்கி. அதற்குள் லீவு முடிந்துவிட்டது. கோடு வர வேண்டிய இடத்துக்கு மேலும் கீழும் ஒட்டின டேப் அப்படியே இருக்கிறது. டேப்பை ஒரு நாளுக்கு மேல் விடக் கூடாது என்று சொன்னவரும் அவரேதான். பச்சையைக் கலந்து குப்பியில் அடைத்து வைத்துவிட்டு, "வந்து நாந்தான் அடிப்பேன். நீ கை வைக்காத" என்று போனார்.

வைக்கவில்லை. ஆகஸ்டில் வருகிறார். இன்னும் ஒரு மாசம்.

ஜூலை 6, ஞாயிறு

தைக்க: கல்யாண வீட்டு ஜாக்கெட் நாலு. பர்தா ஒன்று, கை நீளம் குறைக்க.
வாங்க: ஊக்கு, வெள்ளை நூல், மாமிக்கு முட்டிவலித் தைலம்.

ம.வுக்கு ஒரு சட்டையும் வெட்டினேன். பழைய அளவு. இளைத்தாரோ பெருத்தாரோ. வீடியோவில் கழுத்துக்கு மேலேதான் தெரிகிறது.

முதல் வருஷம் நான் அடித்த கூத்து ஞாபகம் வந்தது. ம. வைத்துவிட்டுப் போன எண்ணெய் தீர்ந்துவிட்டது. எண்ணெய் எண்ணெய்தானே என்று தேங்காய் எண்ணெயைப் போட்டேன். கொஞ்ச நாளில் ஊசி பிசின் வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. அழுதுகொண்டே தின்னரில் ஊறப் போட்டுப் பிரித்தேன். அன்றிலிருந்து தையல் மிஷின் எண்ணெய். வம்பில்லை. ம.விடம் இன்னும் சொல்லவில்லை. வந்ததும் சொல்லித் திட்டு வாங்க வேண்டும். நேரில் திட்டு வாங்கி எவ்வளவு நாளாச்சு.

அந்த நினைப்பில் ஏர்பிரஷை எடுத்து இன்னொரு தடவை துடைத்தேன். உறையில் வைக்கும்போது மாமி: "பச்சப் புள்ளையத் தொடைக்கிற மாதிரி தொடைக்கிறியேடி." சொன்னபிறகு அவருக்கே சங்கடம். கல்யாணமாகி ஏழு வருஷம். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஜூலை 9, புதன்

கரன்ட் இல்லை, பதினொன்றிலிருந்து ஒன்று வரை. ஜாக்கெட் இரண்டு முடிந்தது.

ம. போன். மூன்று நிமிஷம்.
"டிக்கெட் போட்டாச்சா?"
"பாக்குறேன் புள்ள. கிடங்குல ஆளு பத்தல."
போன வாரமும் பாக்குறேன். அதற்கு முந்தின வாரமும் பாக்குறேன்.

ஜூலை 11, வெள்ளி

புழுக்கம். காற்றே இல்லை.

எண்ணெய் போட்டேன். வேலை செய்கிறதா என்று பார்க்க, கப்பில் தண்ணீர் ஊற்றி உள்ளங்கையில் அடித்தேன். சில்லென்று, மூச்சு படுகிற மாதிரி. ஒரு தடவை போதும். நாலு தடவை அடித்தேன். எனக்கு அவர் வேண்டும். வேறு எப்படி எழுதுவது.

சட்டைக்குக் காஜா எடுத்தாயிற்று. பொத்தான் பாக்கி.

ஜூலை 13, ஞாயிறு

ம. வீடியோவில். முகம் நிறையச் சிரிப்பு. "ஏ புள்ள, இங்க பாரு."
கையில் இன்னொரு ஏர்பிரஷ்.
"ஊசி வர மாட்டேங்குது. வெசை அமுங்கல. நீ அங்கன எப்படி வச்சிருக்க?"
"என்ன எண்ணெ போட்டீங்க?"
"அவசரத்துக்கு தலைக்குத் தேய்க்கிறதத்தான். நீ குடுத்து விட்ட தேங்காண்ணெ."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் கூத்தையும் சொல்லிவிட்டேன். அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. "முறுக்கி இழுக்காதீங்க. தின்னர்ல ஊறப் போடுங்க. பொறவு மிஷின் எண்ணெ, ஒரே சொட்டு" என்றேன்.

"வாங்குன புதுசுல போட்டது. அதான் இறுகிப் போச்சு" என்றார்.
"புதுசுலன்னா எப்ப வாங்கினீங்க?"
கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.
"நோம்புப் பெருநாளைக்குப் பொறவு."
"வரப் போற ஆளு அங்கன எதுக்கு இன்னொன்னு வாங்கணும்?"
"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் புள்ள. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ரூம்ல பொழுது போகணும்ல."

மூன்று மாசமாகத் தெரிந்துகொண்டே பாக்குறேன், பாக்குறேன்.

"அந்தப் பச்சைய நீயே அடிச்சிரு" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

மிஷினைத் தொடவில்லை. மாமியிடம் சொன்னேன். "ரெண்டு வருசமா" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

குப்பியைக் குலுக்கினேன். அடியில் உறைந்தது கரைய நேரமானது. தின்னர் கலந்து வடிகட்டி ஊற்றினேன். விசை வெண்ணெய் மாதிரி அமுங்கியது. இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்து வைத்ததாயிற்றே. கோடு ஒரே சீராக விழுந்தது.

டேப்பை உரித்தேன். அடியில் இருந்த வெள்ளையும் சேர்ந்து வந்துவிட்டது. மேலும் கீழும் வெறும் மரம். நடுவில் பச்சை மட்டும்.

போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை.

ஏர்பிரஷைக் கழற்றினேன். கழுவினேன். துடைத்தேன். எண்ணெய் போடவில்லை. துருப்பிடிக்கட்டும் என்று அப்படியே மேசையில் விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அஸர் தொழுகை முடிந்து கடல் காற்று ஏறிவிட்டது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் உப்புப் பிசுபிசுப்பு. எழுந்து போய் ஒரு சொட்டு போட்டுவிட்டு வந்தேன்.